கொன்ட்ரோல் போட் செத்தா மோட்டர் என்ன செய்யும்? வயர் கொழுவ முதல் யோசியுங்கோ

இப்ப யாழ்ப்பாணத்தில எந்தப் பக்கம் போனாலும் ஒரு தம்பி ஈஎஸ்பி எண்ட வைஃபை உள்ள சின்னக் கொன்ட்ரோல் போட் ஒண்டை வாங்கி, ரிலே எண்ட கரண்டால வேலை செய்யிற சுவிட்சைக் கொழுவி, தோட்டக் கிணத்து மோட்டரையோ குஞ்சு பொரிக்கிற மெசினையோ ஃபோனிலயே ஓட்டிக்கொண்டிருக்கிறார், பாக்கச் சந்தோசமா இருக்கு, உண்மையாத்தான் சொல்லுறன். ஆனா இந்தக் கொன்ட்ரோல் வேலையிலயே கிடக்கிற ஆள் எண்ட முறையில ஒண்டு சொல்லத்தான் வேணும். பழுது எண்டு கூப்பிடுற இடங்களில நான் திரும்பத் திரும்பப் பாக்கிற பிழையள் ஒண்டும் புதுசு இல்லை. 1970களில மைக்ரோ கொம்பியூட்டரை வச்சு மெசின் ஓட்டத் தொடங்கின ஆக்கள் அப்பவே பட்டுத் தெளிஞ்சு மருந்தும் கண்டுபிடிச்ச பிழையள்தான்.

1974இல இன்டெல் 8080 எண்ட புரொசெசர் சிப் வந்துது, அடுத்த வருசம் 6502, 1976இல இசட்80. புரோகிராம் வைக்கிற 2708 ஈப்ரொம் மெமரி சிப்பில மொத்தமே 1 கிலோபைட் இடம், ஒரு எழுத்துப் பிழைச்சாலும் கழட்டி யூவி லைட்டுக்குக் கீழ வச்சு அழிச்சுத் திரும்ப எழுதோணும். அதால நல்ல டிசைனர் ஒருத்தர் புரோகிராமில கை வைக்க முதலே பேப்பரில எழுதுவார், இந்தக் கொம்பியூட்டர் செத்துப்போச்செண்டா ஹீட்டர் என்ன செய்யும், மோட்டர் என்ன செய்யும், வால்வ் திறந்து நிக்குமோ பூட்டி நிக்குமோ எண்டு. இப்ப போட் மலிவு, ஆரோ எழுதி வச்ச புரோகிராம் துண்டு (லைப்ரரி) ரெடியா இருக்கு, அந்தக் கேள்வியை மட்டும் காணேல்லை.

8255 எண்ட சிப்பை எடுங்கோ, அந்தக் காலத்தில வெளியில இருக்கிற சாமானை ஓட்டுறதுக்கு நிறையப் பேர் பாவிச்சது, 24 லைன். ரீசெட் ஆனவுடன 24ம் இன்புட்டா மாறிடும், அதாவது ரிலே பக்கம் போற வயர் 0வும் இல்லாம 1உம் இல்லாம அந்தரத்தில நிக்கும். பேந்து புரோகிராம் வந்து இது அவுட்புட் எண்டு சொன்ன உடன அந்த லைன் எல்லாம் 0க்கு, அதாவது வோல்ட் இல்லாத நிலைக்குப் போகும். உங்கட ரிலே 0 வந்தா இழுக்கிற (ஓன் ஆகிற) ரிலே எண்டா, ஒருத்தரும் சொல்லாமலே எல்லா ரிலேயும் ஒரேயடியா இழுக்கும். அதுக்காகத்தான் 1 வந்தா மட்டும் இழுக்கிற மாதிரி ரிலேயை ஓட்டுற டிரைவர் சேர்க்கிட்டை வச்சு, அந்தரத்தில நிக்கேக்க ஓஃப்பில இருக்க கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டரும் போட்டவை.

இப்ப கடையில வாங்கிற நீல ரிலே போட்டுகளில கனக்க 0க்குத்தான் இழுக்கும். அர்டுயினோ எண்ட போட்டில முதல் அவுட்புட் எண்டு சொல்லிப்போட்டுப் பிறகு ஹை (1) குடுத்தீங்களெண்டா, இடையில ரிலே ஒருக்கா அடிக்கும். மாத்தி எழுதுங்கோ, முதல் ஹை, பிறகு அவுட்புட், கூடவே 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒண்டால அந்த லைனை 5 வோல்டுக்கு இழுத்து விடுங்கோ. ஈஎஸ்பி8266 எண்டா பூட் ஆகேக்குள்ளயே, அதாவது கரண்ட் வந்து தொடங்கேக்குள்ளயே, தன்ர பாட்டுக்கு 1க்கும் 0க்கும் மாறுற கால்களும் (பின்) இருக்கு, அதில மோட்டரைக் கொழுவவே கூடாது. எங்கட பக்கம் மழைக்காலத்தில கரண்ட் மினுங்கி மினுங்கி வாறதை யோசிச்சுப் பாருங்கோ, ஒவ்வொரு மினுக்குக்கும் கொன்டாக்டர் (மோட்டருக்குக் கரண்ட் குடுக்கிற பெரிய ரிலே) ஒருக்கா அடிச்சா கொன்டாக்டரும் போகும் மோட்டரும் போகும்.

மீன் வைக்கிற குளிர் அறை எண்டா இன்னும் கவனம் வேணும். கொம்பிரசர் நிண்டா திரும்ப எடுக்க முதல் பிரசர் சமப்பட 3 நிமிசமாவது விடோணும். கரண்ட் போய் வந்த போட்டுக்கு கொம்பிரசர் எப்ப நிண்டது எண்டு தெரியாது, அதால பூட் ஆன நேரத்தில இருந்தே அந்த 3 நிமிசத்தை எண்ணத் தொடங்கோணும்.

அடுத்தது சென்சர், இதில எனக்கு உண்மையில பயம் இருக்கு. டிஎஸ்18பி20 டெம்பரேச்சர் சென்சரை எல்லாரும் பாவிக்கினம், நல்ல சாமான். ஆனா அதின்ர வயர் கழண்டா, வழமையாப் பாவிக்கிற லைப்ரரி -127 எண்டு ஒரு எண்ணைக் குடுக்கும். கரண்ட் வந்தவுடன அளக்க முதலே வாசிச்சா 85 எண்டு வரும். குஞ்சு பொரிக்கிற மெசினில 37.5க்குக் குறைஞ்சா ஹீட்டரைப் போடு எண்டு மட்டும் எழுதியிருந்தீங்களெண்டா, -127ஐப் பாத்த புரோகிராம் ஐயோ சரியான குளிர் எண்டு ஹீட்டரை விடாமப் போட்டுக்கொண்டிருக்கும், விடிய முட்டை எல்லாம் அவிஞ்சிருக்கும். குளிர் அறையில தலைகீழ், கொம்பிரசரை நிப்பாட்டிப்போடும், மீன் பழுதாகும். பழைய ஆக்கள் சென்சர் அளவை 4-20 மில்லிஅம்பியர் கரண்டா அனுப்புற லூப் பாவிச்சதுக்கு இது ஒரு பெரிய காரணம், தொட்டி வெறுமை எண்டா 4 வரும், வயர் அறுந்தா 0 வரும், ரெண்டும் வேற வேற. உங்கட புரோகிராமிலயும் நடக்கக்கூடிய எண் எது, நடக்கவே முடியாத எண் எது எண்டு பிரிச்சு, முடியாத எண் வந்தா ஹீட்டரை ஓஃப் பண்ணி அலாரத்தை அடியுங்கோ.

அதுவும் காணாது. ஹீட்டர் லைனில 39 டிகிரியில வெட்டுற தனித் தெர்மோஸ்டாட் ஒண்டு தொடரில இருக்கோணும், கிணத்து மோட்டருக்கு, தண்ணியில மிதந்து மட்டத்தைப் பாத்து வெட்டுற ஃபுளோட் சுவிட்ச் கொன்டாக்டர் கொயிலோட தொடரில இருக்கோணும், ரெண்டுக்கும் புரோகிராமோட ஒரு தொடர்பும் இருக்கக்கூடாது. தெராக்-25 எண்ட கதிர்வீச்சு சிகிச்சை மெசின் பிடிபி-11 கொம்பியூட்டரில ஓடினது, முந்தின மொடலில இருந்த, ஆபத்தெண்டா தானா வெட்டுற வயர் இன்டர்லொக்கை எடுத்துப்போட்டு சொஃப்ட்வெயரை மட்டும் நம்பினவை. 1985க்கும் 1987க்கும் இடையில ஆறு பேருக்கு அளவுக்கு மிஞ்சின கதிர்வீச்சுப் பட்டது, சில பேர் செத்தும் போச்சினம். கடைசி விபத்தில ஒரு பைட் கவுண்டர் 255 தாண்டி 0க்குத் திரும்பினதில ஒரு செக்கிங் விடுபட்டுப் போனது. ஒரு பைட்!

டேட்டா எடுக்கிற விசயத்திலயும் பழைய ஆக்களிட்டப் படிக்க இருக்கு. வலிகாமம் பக்கம் சுண்ணாம்புக்கல் நிலம், நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல நிக்குது, கூட இறைச்சா உப்பு மேல வரும், அதால கிணத்து மட்டத்தையும் உப்பையும் பதிஞ்சு வைக்கிறது எல்லாத் தோட்டக்காரருக்கும் பிரயோசனம். ஆனா சென்சர் வயரை மோட்டர் கேபிளோட சேத்துக் கட்டினா நீங்கள் அளக்கிறது மெயின்ஸ் கரண்டின்ர 50 ஹேர்ட்ஸ் இரைச்சலைத்தான். 20 மில்லிசெக்கனுக்கு, அதாவது அந்த 50 ஹேர்ட்ஸின்ர ஒரு முழுச் சுற்றுக்கு, அளவுகளைப் பரவலா எடுத்து சராசரி போட்டீங்களெண்டா அது தன்ர பாட்டில வெட்டுப்படும். அந்தக் காலத்தில, கொஞ்ச நேரம் சேத்துப் பாத்து அளவை எண்ணா மாத்தின இன்டிகிரேட்டிங் ஏடிசியளும் இப்பிடித்தான் மெயின்ஸ் இரைச்சலைக் கழிச்சவை. மற்றது, அர்டுயினோ ஈஈப்ரொம்மில (கரண்ட் போனாலும் அழியாத மெமரி) ஒரே இடத்தில நிமிசத்துக்கு ஒருக்கா எழுதாதேங்கோ, 1,00,000 தரம்தான் உத்தரவாதம், 70 நாளுக்குள்ள கணக்கு முடியும். மாறினா மட்டும் எழுதுங்கோ, நாளுக்கு ஆகக் கூடினது, ஆகக் குறைஞ்சது எழுதுங்கோ.

வாச்டொக் டைமர் (நேரத்துக்குத் தட்டாட்டி போட்டை ரீசெட் பண்ணுற டைமர்) போட்டிருக்கிறன் எண்டு சொல்லுற தம்பிமார், அதை இன்டரப்டுக்குள்ள, அதாவது மெயின் லூப்பை இடைமறிச்சு ஓடுற துண்டுக்குள்ள, வச்சுத் தட்டாதேங்கோ. மெயின் லூப் செத்துக் கிடந்தாலும் இன்டரப்ட் ஓடிக்கொண்டிருக்கும். வேலையை முடிச்சு லூப் கடைசிக்கு வந்த பிறகு, அந்த ஒரு இடத்தில மட்டும் தட்டுங்கோ.

ஒரு வேலையைக் குடுக்க முதல் சொந்தக்காரரைப் பக்கத்தில வச்சுக்கொண்டு சென்சர் வயரைக் கழட்டிக் காட்டுங்கோ, மெயின் சுவிட்சைப் பட பட எண்டு போட்டு நூத்துக் காட்டுங்கோ, போட்டுக்கு வாற 5 வோல்டை இழுத்துக் காட்டுங்கோ. காசு குடுக்கிற ஆக்களும் இந்த மூண்டையும் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கோ, செய்து காட்டேலாது எண்டா வாங்காதேங்கோ.