ஆம்போரா: இருகாதுச் சாடி

பள்ளியில் பழங்கிரேக்கக் கலையைச் சொல்லித்தரும்போது, பிள்ளைகள் தாளில் வெட்டி வண்ணம் தீட்டும் பானை பெரும்பாலும் ஆம்போராதான். பலரும் இதைப் 'பூச்சாடி' என்று எழுதிவிடுகிறார்கள். இது பூ வைக்கச் செய்ததல்ல; மது, ஆலிவ் எண்ணெய் போன்றவைதான் இதில் இருந்தன. குறுகிய கழுத்து, பருத்த வயிறு, இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள மண்கலம் இது. கப்பலில் ஏற்றியவற்றுக்கு அடி கூம்பியிருக்கும். படம் தீட்டியவற்றுக்கு நிற்கத் தட்டையான அடி உண்டு.

ஆம்போரா என்ற பெயரின் பழைய கிரேக்க வடிவம் ஆம்ஃபிஃபொரெயுஸ். 'ஆம்ஃபி' என்றால் இருபுறமும். 'ஃபெரோ' என்றால் சுமக்கிறேன். இருபுறமும் பிடித்துச் சுமப்பது என்று பொருள். கிரேக்கத்தின் வெண்கலக் கால மக்களான மைசீனியர் காலக் களிமண் ஏடுகளிலேயே இந்த நீண்ட வடிவம் இருக்கிறது. பிறகு நடுவில் ஓர் அசை உதிர்ந்து ஆம்ஃபொரெயுஸ் ஆனது. லத்தீனுக்குப் போய் ஆம்போரா ஆனது. ரோமானியர் இதையே சுமார் 26 லிட்டர் கொண்ட முகத்தலளவையாகவும் வைத்திருந்தார்கள்.

தமிழில் 'இருகாதுச் சாடி' என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பானைக்கு வாய், கழுத்து, வயிறு என்று சொல்லும் நம் வழக்கில் கைப்பிடி காதுதானே. சாடியும் பழைய சொல்: பெரும்பாணாற்றுப்படையில் கள் விளைவிக்கும் கலம் 'வல்வாய்ச் சாடி'. பெயரைக் கேட்டதுமே பிள்ளைக்கு வடிவம் பிடிபட்டுவிடும். தாளை நெடுக்கில் இரண்டாக மடித்து, மடிப்பை ஒட்டி அரைச் சாடியும் ஒரு காதும் வரைந்து வெட்டினால், விரிக்கும்போது இரண்டு காதும் ஒரே அளவில் இருக்கும்.

அப்புறம் வண்ணம். தாள் முழுக்க ஆரஞ்சு கிரேயானை அழுத்தித் தேய்த்து, அதன்மேல் கறுப்பு போஸ்டர் வண்ணத்தில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு கலந்து பூசுவார்கள். சோப்பு சேராவிட்டால் மெழுகில் வண்ணம் ஒட்டாது. ஆனால் சாடி முழுவதையும் கறுப்பாக்கிவிட்டுச் சுரண்டுவது கிரேக்க முறை ஆகாது. கறுப்பு உருவ பாணியில், படம் வரும் பகுதியில் மனிதர், குதிரை உருவங்கள்தான் கறுப்பு. அவற்றின் பின்னணி மண்ணின் செந்நிறம். தலைமுடி, கண், ஆடை மடிப்பு ஆகியவற்றைக் கூர்முனையால் கீறுவார்கள். பிள்ளைகளுக்குப் பல்குச்சி போதும். கி.மு. 530 வாக்கில் ஏதென்ஸில் இது தலைகீழானது: பின்னணி கறுப்பு, உருவம் சிவப்பு.

மாதிரிக்குப் பானத்தீனியப் பரிசுச் சாடியையே நான் பரிந்துரைப்பேன். ஏதென்ஸ் விளையாட்டு விழாவில் வென்றவருக்கு ஆலிவ் எண்ணெய் நிரப்பிக் கொடுத்தது அது. ஒரு பக்கம் அத்தீனா தெய்வம், மறுபக்கம் ஓட்டம், மற்போர், தேரோட்டம் என வென்ற போட்டி. சிவப்பு உருவ பாணி வந்த பிறகும் இந்தச் சாடியை மட்டும் கறுப்பு உருவத்திலேயே தீட்டினார்கள்.

தொல்லியலில் ஆம்போரா என்ற சொல்லும் நமக்கு வேண்டும். 1945இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழ்ந்த, புதுச்சேரி அருகேயுள்ள அரிக்கமேட்டில் இதன் ஓடுகள் கிடைத்தன. கிரேக்கத் தீவான கோஸின் சாடிகளும் அங்கே வந்திருக்கின்றன. யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த மணமுள்ள மதுவை 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்று புறநானூறு சொல்கிறது. அகழாய்வுக் குறிப்பில் ஆம்போரா, வகுப்பில் இருகாதுச் சாடி என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.