காரணிப்படுத்தத் தெரியாத பிள்ளைக்கு உண்மையில் எது தெரியவில்லை?

ஒன்பதாம் வகுப்பில் பல்லுறுப்புக் கோவைகள் பாடம் பாதி நடக்கும்போது பெற்றோர் வந்து சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "எட்டாம் வகுப்பு வரைக்கும் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கினான் சார். இந்தக் காரணிப்படுத்துதல் வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்." உடனே டியூஷனில் சேர்க்கிறார்கள். அங்கே அதே வகைக் கணக்கில் இன்னும் ஐம்பது கொடுக்கிறார்கள். பையன் அப்போதும் எழுந்திருப்பதில்லை. காரணிப்படுத்துதல் என்பது ஒரு கோவையைச் சிறு கோவைகளின் பெருக்கலாகப் பிரித்து எழுதுவது. அவனுக்கு வராமல் போனது அது அல்ல, அதற்கு முந்திய பெருக்கல். அதைக் கவனிக்காமல் மேலே மேலே பயிற்சி கொடுப்பதில் பயனில்லை.

இந்தக் கட்டுரையில் மாறியை ‘ம’ என்றே எழுதுகிறேன். பாடநூலில் அது எக்ஸ் என்று இருக்கும். வகுப்பிலும் நான் அடிக்கடி எழுத்தை மாற்றிப் போடுவதுண்டு. எக்ஸ் இருந்தால் கணக்கு வரும், வேறு எழுத்து வந்தால் கை நின்றுவிடும் என்ற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள்.

முதலில் ஒரு வரி: (ம + 3)² = ம² + 9. எந்தப் பள்ளியின் விடைத்தாள் கட்டை அவிழ்த்தாலும் இது கிடைக்கும். இதை எழுதிய மாணவியை எழுப்பி (ஏ + பி)² = ஏ² + 2ஏபி + பி² என்ற முற்றொருமையைக் கேட்டால் பாட்டுப்போல ஒப்பிப்பாள், "இரண்டு ஏபி"யை விடவே மாட்டாள். தாளில் மட்டும் விட்டுவிடுவாள். நாம் சிவப்பு மையில் 6ம என்று நுழைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போகிறோம். அது அவளுக்கு எதையும் கற்றுத் தருவதில்லை. அதற்குப் பதில் ‘ம’ இருக்கும் இடத்தில் 10 போடச் சொல்லிப் பாருங்கள். இடப்பக்கம் 13 × 13, அதாவது 169. வலப்பக்கம் 109. அறுபது எங்கே போயிற்று? ‘ம’ பத்தாக இருக்கும்போது அறுபது என்பது 6ம. தொலைந்த உறுப்பை அவளே கண்டுபிடித்துவிடுகிறாள். ஆசிரியர் ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை.

பத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 276 என்ற எண்ணில் இரண்டு நூறு, ஏழு பத்து, ஆறு ஒன்று. ‘ம’ பத்து என்று வைத்துக்கொண்டால் அது 2ம² + 7ம + 6. பிள்ளைகள் சிறு வகுப்பிலிருந்து பல்லுறுப்புக் கோவைகளைத்தான் கூட்டியும் பெருக்கியும் வந்திருக்கிறார்கள், அந்தப் பெயர் மட்டும் அவர்களுக்குத் தெரியாது. 23-ஐ 12-ஆல் பெருக்க ஒரு நான்கு அறைக் கட்டம் போடுங்கள். மேலே 20, 3. பக்கத்தில் 10, 2. அறைகளுக்குள் 200, 30, 40, 6. கூட்டினால் 276. அதே கட்டத்தில் மேலே 2ம, 3 என்றும் பக்கத்தில் ம, 2 என்றும் எழுதினால் அறைகளுக்குள் 2ம², 3ம, 4ம, 6. கூட்டினால் 2ம² + 7ம + 6. ஒரே வேறுபாடு, எண்களில் பத்து சேர்ந்தால் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. உண்மையில் எண் பெருக்கலைவிட இது சுலபம். இந்தக் கட்டத்தை ஒரு வாரம் முழுக்கப் போட வைத்துவிட்டுத்தான் காரணிப்படுத்துதல் என்ற சொல்லையே நான் கரும்பலகையில் எழுதுவேன். பாடத்திட்டம் பின்னால் துரத்தும். துரத்தட்டும், அந்த ஒரு வாரத்தைப் பிறகு மிச்சம் பிடித்துவிடலாம்.

ஏனென்றால் காரணிப்படுத்துதல் அதே கட்டம்தான். உள்ளே இருப்பதைக் கொடுத்துவிட்டு, மேலேயும் பக்கத்திலும் என்ன இருந்தது என்று கேட்கிறார்கள். சிக்கல் ஒன்றே ஒன்று: அறைகள் நான்கு, ஆனால் 2ம² + 7ம + 6 என்பதில் உறுப்புகள் மூன்றே. இரண்டு அறைகளில் இருந்தவை ஓரினம் என்பதால் கலந்து 7ம ஆகிவிட்டன. அவற்றை மறுபடி பிரித்தாக வேண்டும். நடு உறுப்பைப் பிரிப்பது எதற்காக என்று எந்த மாணவனையாவது கேளுங்கள். "அப்படித்தான் சார் செய்ய வேண்டும்" என்பான். கட்டத்தைப் பார்த்தவன் மட்டும்தான் காரணத்தைச் சொல்வான்.

சரி, 7 என்பதை எப்படிப் பிரிப்பது? 1, 6 என்றா, 2, 5 என்றா, 3, 4 என்றா? கட்டத்தின் மூலைவிட்டங்களைப் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 2ம²-ஐ 6-ஆல் பெருக்கினால் 12ம². 3ம-வை 4ம-வால் பெருக்கினாலும் 12ம². எந்தக் கட்டத்தில் பார்த்தாலும் இப்படித்தான் இருக்கும், ஏனென்றால் இரண்டு மூலைவிட்டங்களிலும் பெருக்கப்படுபவை வெளியே இருக்கும் அதே நான்கும்தான். ஆகவே கூட்டினால் 7, பெருக்கினால் 12 வரும் இரண்டு எண்களைத் தேட வேண்டும். எழுத்துக்கு முன்னால் நிற்கும் எண்தான் கெழு. "முதல் கெழுவையும் கடைசி எண்ணையும் பெருக்கு" என்ற விதி எங்கிருந்து வந்தது என்பதை விளக்குவது இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தைச் செலவிடாமல் விதியை மட்டும் கொடுத்தால், சில மாதங்களில் பிள்ளை எதை எதனோடு பெருக்குவது என்பதை மறந்துவிடுகிறது.

அடுத்து வழுக்கும் இடம், பிரித்த பிறகு. 6ம² + 7ம − 3 என்பதை எடுத்துக்கொள்வோம். பெருக்கல் −18, கூட்டல் 7. எண்கள் 9, −2. எழுதினால் 6ம² + 9ம − 2ம − 3. முதல் இரண்டில் 3ம-வை வெளியே எடுத்தால் 3ம(2ம + 3). இதுவரை எல்லோரும் வந்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது −2ம − 3. இதில் பொதுவாக எடுக்க எதுவும் இல்லையே என்று பேனா நிற்கும். சிலர் அதை அப்படியே விட்டு 3ம(2ம + 3) − 2ம − 3 என்று எழுதிவிட்டு "காரணிப்படுத்தப்பட்டது" என்று முடிப்பார்கள். சிலர் −1-ஐ எடுப்பார்கள், ஆனால் உள்ளே 2ம − 3 என்று எழுதுவார்கள். −1(2ம + 3) என்று எழுத ஒருவருக்கும் மனம் வருவதில்லை. ஒன்றால் பெருக்குவது ஒரு பெருக்கலாகவே பிள்ளைகளின் கண்ணுக்குப் படுவதில்லை. இந்த ஒரு படிக்காக மட்டும் தனியாக ஒரு பாடவேளை ஒதுக்கலாம் என்பேன். விடை (2ம + 3)(3ம − 1). பத்து போட்டால் 23 × 29 = 667; கோவையில் போட்டால் 600 + 70 − 3 = 667.

டியூஷன்களில் புழங்கும் குறுக்கு வழி ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெருக்கல் குறி ஒன்றைப் போட்டு, மேலே −18, கீழே 7, இரு பக்கமும் 9, −2 என்று எழுதுவார்கள். பிறகு இரண்டையும் ம²-இன் கெழுவான 6-ஆல் வகுத்துச் சுருக்கினால் 3/2, −1/3. உடனே (2ம + 3)(3ம − 1) என்று எழுதிவிடலாம். வேகமான வழி, விடையும் சரி. இப்போது அதே வழியில் 4ம² + 10ம + 6-ஐச் செய்யுங்கள். பெருக்கல் 24, கூட்டல் 10. எண்கள் 6, 4. நான்கால் வகுத்தால் 3/2, 1. விடை (2ம + 3)(ம + 1). பெருக்கிப் பார்த்தால் 2ம² + 5ம + 3 வருகிறது. கொடுத்ததில் பாதிதான். முதலில் வெளியே எடுத்திருக்க வேண்டிய 2, வகுத்துச் சுருக்கும்போது காணாமல் போய்விட்டது. சமன்பாட்டைத் தீர்ப்பதாக இருந்தால் இந்த இழப்பால் கேடில்லை, மூலங்கள், அதாவது தீர்வுகள், மாறாது. காரணிப்படுத்தச் சொன்னால் விடை தவறு. குறுக்கு வழியைச் சொல்லிக்கொடுப்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

குறிகளில் தடுமாறும் பிள்ளையைத் திட்டுபவர்கள் கொஞ்சம் வரலாற்றையும் பார்க்கலாம். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி ஒருபடி, இருபடிச் சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி வழி எழுதினார். குறை எண்களைக் கெழுக்களாக வைக்காமல் எல்லாவற்றையும் மிகை எண்களாலேயே சொன்னதுதான் காரணம். ம² + 10ம = 39 என்பது அவருடைய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஒரு சதுரத்தின் பக்கங்களில் பட்டைகளை ஒட்டி, மூலையில் விட்டுப்போன 25-ஐ நிரப்பி, 39-உம் 25-உம் சேர்ந்த 64-இன் வர்க்கமூலம் 8, அதில் 5 போனால் 3 என்று படம் போட்டே முடித்தார். அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 628-இல், இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் சொத்து, கடன் என்ற பெயரில் குறை எண்களுக்கான விதிகளை எழுதி, இரண்டு கடன்களைப் பெருக்கினால் சொத்து என்று சொல்லியிருந்தார். அப்படியும் அல்-குவாரிஸ்மி குறை எண்ணைத் தொடவில்லை. பதினான்கு வயதுப் பையன் ஒரு பாடவேளையில் தடுமாறுவதில் வியப்பென்ன?

அல்-குவாரிஸ்மியின் படத்தைச் சார்ட் அட்டையில் வெட்டியும் செய்யலாம். ஒரு பெரிய சதுரம் ம², ஐந்து பட்டைகள், ஆறு சிறு சதுரங்கள். இவற்றைச் சேர்த்துச் செவ்வகம் அமைக்க வேண்டும். மூலையில் ஆறு சிறு சதுரங்களும் இரண்டுக்கு மூன்றாக உட்காரும்போது பக்கங்கள் ம + 2, ம + 3 என்று கண்ணுக்குத் தெரியும். பட்டைகளை 1, 4 என்று பிரித்து வைத்தால் மூலையில் நான்குதான் கொள்ளும், இரண்டு மிஞ்சும். அட்டை வெட்டும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: பட்டையின் நீளம் சிறு சதுரத்தின் பக்கத்துக்குச் சரியான மடங்காக இருக்கக் கூடாது. இருந்தால் பிள்ளைகள் அளந்து பார்த்து "ம என்றால் 5" என்று முடிவு கட்டிவிடுவார்கள். நானே 2 செ.மீ. சதுரத்துக்கு 9 செ.மீ. பட்டை வைப்பேன்.

பயிற்சிப் புத்தகங்களைப் பற்றியும் ஒரு குறை உண்டு. அவற்றில் வரும் எல்லாக் கோவையும் காரணிப்படும். அதனால் எதையும் எப்படியாவது இரண்டு அடைப்புக்குறிக்குள் திணித்துவிட வேண்டும் என்று பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். ம² + 4ம + 6-ஐக் கொடுத்துப் பாருங்கள், யாராவது ஒருவர் (ம + 2)(ம + 3) என்று எழுதிக் காட்டுவார். பத்துக் கணக்கில் குறைந்தது இரண்டு, முழு எண்களில் பிரியாதவையாக இருக்க வேண்டும். அதைவிட எனக்குப் பிடித்தது, ம² + □ம + 12 என்று எழுதிவிட்டுக் கட்டத்துக்குள் என்னென்ன முழு எண் வந்தால் காரணிப்படும் என்று கேட்பது. 7, 8, 13 என்று மூன்றைச் சொல்லிவிட்டு வகுப்பு ஓய்ந்துவிடும். கடைசி பெஞ்சிலிருந்து யாராவது "மைனஸ் போடலாமா சார்?" என்று கேட்டால், −7, −8, −13 மூன்றும் கிடைத்துவிடும்.

பத்தாம் வகுப்பில் விகிதமுறு கோவைகள் வரும்போது பழைய கடன் வட்டியோடு திரும்புகிறது. (ம² − 9)/(ம − 3) என்பதைச் சுருக்கச் சொன்னால் ம²-ஐ ம-வாலும், 9-ஐ 3-ஆலும் தனித்தனியே அடித்து, மைனஸுக்கு மைனஸ் பிளஸ் என்று ம + 3 எழுதுகிறார்கள். விடை சரி! மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அடுத்த கணக்காக (ம² + 9)/(ம + 3) என்று கொடுங்கள். அதே கை அதே வேகத்தில் மறுபடியும் ம + 3 எழுதும். ‘ம’ 1 என்றால் கொடுத்தது 10/4, எழுதியது 4. பெருக்கலில் இருக்கும் காரணியைத்தான் அடிக்கலாம், கூட்டலில் இருக்கும் உறுப்பை அடிக்கக் கூடாது. இந்த ஒன்று பிடிபடாதவர்கள் பதினொன்றாம் வகுப்பில் எல்லைமதிப்பிலும் பகுதிப் பின்னங்களிலும் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே அதைப் "புதுப் பாடம் கடினம்" என்கிறோம்.

காரணிப்படுத்துதலும் சமன்பாட்டைத் தீர்ப்பதும் ஒன்று என்ற குழப்பம் இன்னொன்று. ம² + 5ம + 6-ஐக் காரணிப்படுத்தச் சொன்னால் தானாகவே "= 0" சேர்த்து ம = −2, −3 என்று எழுதுகிறார்கள். (ம − 2)(ம − 3) = 6 என்று கொடுத்தால் ம − 2 = 6, ம − 3 = 6 என்று பிரித்து 8, 9 என்கிறார்கள். உண்மையான விடை 0, 5. பெருக்கல் 6 ஆவதற்கு ஆயிரம் வழி உண்டு. 0 ஆவதற்கு ஏதேனும் ஒன்று 0 ஆவதைத் தவிர வழியே இல்லை. வலப்பக்கம் ஏன் 0 வேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. பொதுத்தேர்வில் 8 மதிப்பெண்ணுக்கு வரும் வளைவரை கிடை அச்சை எங்கே வெட்டும் என்பதையும், கோவை காரணிப்படுமானால், காரணிகளே முன்கூட்டிச் சொல்லிவிடும். அட்டவணை போட்டுப் புள்ளி வைத்து முடிக்கும்வரை அதைக் கவனிக்காத மாணவர்கள்தான் அதிகம்.

பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். உங்களுக்கு இயற்கணிதம் மறந்துபோயிருக்கலாம், படிக்காமலே இருந்திருக்கலாம். பிள்ளையின் வீட்டுப்பாடத்தைச் சரிபார்க்க அது தடையில்லை. ம² + 5ம + 6-க்கு (ம + 1)(ம + 6) என்று எழுதியிருந்தால், "எழுத்து இருக்கும் இடத்தில் பத்து போடு" என்று மட்டும் சொல்லுங்கள். கொடுத்தது 156, எழுதியது 11 × 16 = 176. அழித்துவிட்டு மறுபடி செய்வான். 12 × 13 வரும்போது அவனே நிறுத்திக்கொள்வான். இந்தச் சோதனை தவறைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் ஒரே எண்ணில் ஒத்துப்போவதால் மட்டும் விடை சரியென்று ஆகிவிடாது. 15ம + 6-இல் பத்து போட்டாலும் 156 வரும். இரண்டு இருபடிக் கோவைகள் மூன்று வெவ்வேறு எண்களில் ஒத்துப்போனால் அவை ஒன்றேதான். எனவே நேரமிருந்தால் பத்தோடு 0, 1 இரண்டையும் போடச் சொல்லுங்கள், அவற்றில் கணக்குப் போடுவதும் எளிது. (ம − 10) என்ற காரணி வரும் கணக்கில் மட்டும் பத்து உதவாது. கொடுத்ததும் எழுதியதும் 0 ஆகி, மற்றக் காரணியில் இருக்கும் தவறு மறைந்துகொள்ளும். அப்போது பத்துக்குப் பதில் 7 போட்டுக்கொள்ளலாம்.