அறுக்கவே முடியாத நரம்பு சுற்றாதீர்கள்

இந்த வாரமும் பழுதுக்கு ஒரு தூண்டில் ராட் வந்தது. 7 அடி, மீடியம் பவர், புத்தம் புதிது. நுனியிலிருந்து ஒரு முழம் கீழே ஒடிந்திருந்தது. கூடவே வந்த ரீலில் 65 பவுண்டு வரை தாங்கும் பிரெய்டு, அதாவது பின்னல் தூண்டில் நரம்பு, சுற்றியிருந்தது. மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராக்கைத் தளர்த்தப் பார்த்தேன், விரலால் அசைக்க முடியவில்லை. அந்த அளவுக்கு முறுக்கி வைத்திருந்தார் ராட்டின் சொந்தக்காரர். கைப்பிடிக்குச் சற்று மேலே தண்டில் தெளிவாக அச்சிட்டிருக்கிறது: நரம்பு 8–14 பவுண்டு, லூர் (செயற்கை இரை) 1/4–5/8 அவுன்ஸ். "ராட் மட்டம், ஒரு இழுப்புக்கே போய்விட்டது" என்றார். எவ்வளவு பெரிய மீன் என்று கேட்டேன். மீனே இல்லையாம். தண்ணீருக்கடியில் இருந்த கட்டையில் லூர் மாட்டிக்கொண்டதாம், ராட்டைத் தூக்கி இழுத்தாராம்.

ராட், ரீல் பழுது பார்ப்பதுதான் என் தொழில். பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிப்பவர்கள் கொண்டுவரும் ஒடிந்த ராட்களில் பெரும்பாலானவை இதே கதைதான். ராட் மட்டமாக இருப்பது அபூர்வம். பொருத்தம் இல்லாத நரம்பு, இறுக்கிப் பூட்டிய டிராக், இந்த இரண்டும் சேர்ந்தால் எந்த விலை ராட்டும் ஒடியும்.

"நரம்பு எவ்வளவு பலமோ அவ்வளவு நல்லது" என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை, போகவே மாட்டேன் என்கிறது. கொஞ்சம் கணக்குப் பாருங்கள். லார்ஜ்மவுத் பாஸில் உலக சாதனை மீன் 22 பவுண்டு சொச்சம், அதாவது சுமார் 10 கிலோ. 1932-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது. 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீனும் அதோடு சமமாகவே பதிவாகியிருக்கிறது. உலகத்திலேயே பெரிய பாஸ் இவ்வளவுதான். நம் முள்ளில் மாட்டுவது பெரும்பாலும் ஒன்றிரண்டு கிலோ. அதுவும் தண்ணீருக்குள் இருக்கும் மீனின் முழு எடை நரம்பில் இறங்குவதில்லை. ராட் வளையும், டிராக் நரம்பை விட்டுக்கொடுக்கும், மீன் களைக்கும். 12 பவுண்டு நரம்பில் அதைவிடக் கனமான மீனைக் கரை சேர்த்தவர்கள் நிறைய பேர். இதற்கு 65 பவுண்டு எதற்கு?

உடனே ஒரு பதில் வரும்: "பிரெய்டு மெலிசுதானே, 50 பவுண்டு பிரெய்டு 12 பவுண்டு நைலான் பருமன்தான், அப்போ ராட்டில் எழுதியதற்குள்தானே வருகிறது?" பருமன் கணக்கு சரி. ஆனால் ராட்டில் எழுதியிருப்பது பருமன் பற்றியது இல்லை. 8–14 பவுண்டு என்றால், அந்த வலுவுள்ள நரம்பை வைத்து அந்த ராட்டைப் பயன்படுத்த வேண்டும் என்று செய்தவர் சொல்கிறார். எல்லை மீறி இழுத்தால் முதலில் நரம்பு அறுந்துவிடும், ராட் பிழைக்கும். ஃபியூஸ் வைப்பது போலத்தான். 14 பவுண்டில் அறுந்திருக்க வேண்டிய இடத்தில் 65 பவுண்டு பிரெய்டைப் போட்டு, டிராக்கையும் பூட்டிவிட்டால், அடுத்து விட்டுக்கொடுக்க மிச்சம் இருப்பது ராட் ஒன்றுதான். நரம்பு அறுந்தால் ஒரு லூரோடு போயிற்று.

அப்படியானால் போட்டிகளில் கலந்துகொள்பவர்கள் 50, 65 பவுண்டு பிரெய்டு போடுகிறார்களே என்று கேட்பீர்கள். போடுகிறார்கள். அல்லியும் பாசியும் பாய் விரித்தாற்போல் மூடிய நீரில் தவளை லூரை வீசும்போது. மீன் கடித்ததும் செடிக்குள் புகுந்துகொள்ளும். மீனோடு சேர்த்து ஒரு கூடை பாசியையும் இழுத்து வர வேண்டும், தண்டுகளை நரம்பு அறுத்துக்கொண்டு வர வேண்டும். அந்தப் பலம் செடிக்காக. அதற்கென்றே 7 அடிக்கு மேற்பட்ட ஹெவி பவர் ராட் வைத்திருப்பார்கள். அவர்கள் நரம்பை மட்டும் பார்த்துவிட்டு ராட்டைப் பார்க்காமல் வந்தால் எப்படி?

சரி, எங்கிருந்து தொடங்குவது? லூரிலிருந்து தொடங்குங்கள். கடையில் எல்லோரும் முதலில் ராட்டைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்க்கிறார்கள். எந்த மாதிரி நீரில், என்ன லூர், எத்தனை கிராம் என்பதை முதலில் முடிவு செய்தால் ராட், ரீல், நரம்பு மூன்றும் தானாக வந்து சேரும்.

ஜிக், ரப்பர் புழு மாதிரி ஒற்றை முள் லூர், 3/8 முதல் 1/2 அவுன்ஸ், அதாவது 10 முதல் 14 கிராம் வரை: 7 அடி மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் ஆக்‌ஷன் ராட், காஸ்டிங் ரீல் (வீசும்போது ஸ்பூலே சுழலும் வகை), 12 முதல் 17 பவுண்டு புளோரோகார்பன் நரம்பு. முதல் பாஸ் செட் வாங்குகிறவருக்கு நான் சொல்வதும் இதுதான். சுழலும் தகடு வைத்த ஸ்பின்னர்பெய்ட் லூர் உட்பட பாதி வேலையை இது ஒன்றே செய்யும். ஆனால் அதே ராட்டில் கிராங்க்பெய்ட் (சுற்றி இழுக்கும்போது ஆடிக்கொண்டே வரும் மீன் வடிவ லூர்) போட்டுவிட்டு "கடிக்கிறது, பாதி வழியில் கழன்றுவிடுகிறது" என்று வராதீர்கள். கிராங்க்பெய்ட்டில் இருப்பது சிறிய மூன்றுகவர் முள். விறைப்பான ராட்டில் சட்டென்று இழுத்தால் மீன் வாயில் சதையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அதற்கு மாடரேட் ஆக்‌ஷன், முடிந்தால் கண்ணாடியிழை கலந்த ராட், 10–12 பவுண்டு நரம்பு. 7 கிராமுக்குக் கீழே போகும் மெல்லிய வேலைகளுக்கு, டிராப்ஷாட் (அடியில் எடை, அதற்கு மேலே முள்) மாதிரி, ஸ்பின்னிங் செட்தான், அதில் வீசும்போது ஸ்பூல் சுழலாது. காஸ்டிங் ரீலில் 3 கிராம் லூரை வீசப் பார்த்து ஸ்பூல் முழுக்க நரம்பு சிக்கிக் குருவிக்கூடு கட்டிக்கொண்டு வருகிறவர்களை என்ன சொல்வது.

பவர், ஆக்‌ஷன் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பவர் என்றால் வளைக்க எவ்வளவு பலம் தேவை. ஆக்‌ஷன் என்றால் எந்த இடத்தில் வளைகிறது. ஃபாஸ்ட் நுனியில் வளையும், மாடரேட் நடுவரை வளையும்.

நரம்பில் மூன்று வகை. நைலான் நீளும், தண்ணீரில் மெதுவாகத்தான் அமிழும். மேற்பரப்பில் ஆடும் லூருக்கு நல்லது. தண்ணீரை உறிஞ்சி நாளாக ஆக வலுக்குறையும், அதனால் அடிக்கடி மாற்றுங்கள். புளோரோகார்பன் அமிழும், கல்லில் உரசினால் தாங்கும், நீருக்குள் அவ்வளவாகத் தெரியாது. மேற்பரப்பு லூருக்கு இதைக் கட்டாதீர்கள், மூக்கைக் கீழே இழுத்துவிடும். ஸ்பின்னிங் ரீலில் தடித்த புளோரோகார்பன் வேண்டாம், சுருள் சுருளாகத் துள்ளி வெளியே வரும். பிரெய்டு நீளவே நீளாது. மீன் முகர்ந்தால்கூடக் கையில் தெரியும். முடிச்சு எதுவானாலும் இறுக்குவதற்கு முன் ஈரப்படுத்துங்கள். உலர்ந்தபடி இறுக்கினால் உரசும் சூட்டிலேயே புளோரோகார்பன் நொந்துவிடும்.

ரீலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. காஸ்டிங் ரீலில் 6.3:1 என்றால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் 6.3 சுற்று. கிராங்க்பெய்ட்டுக்கு 5-ஐ ஒட்டி, ஜிக்குக்கு 7-ஐ ஒட்டி, ஒன்றே ஒன்று வாங்கினால் நடுவில். பெட்டியில் பத்துக்கு மேல் பேரிங் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். நான் பிரித்துப் பார்த்த ரீல்களில் நாலைந்து நல்ல பேரிங் உள்ளவை எத்தனையோ ஆண்டுகள் ஓடுகின்றன. பேரிங் எண்ணிக்கையை மட்டும் கூட்டிய மலிவு ரீல்கள் சீக்கிரமே கரகரவென்று என் மேசைக்கு வருகின்றன. இன்னொன்று: ரீலைத் தண்ணீர்க் குழாயின் வேகத்தில் பிடித்துக் கழுவாதீர்கள். மணலை நீங்களே உள்ளே தள்ளுகிறீர்கள்.

"டிராக் வேலை செய்யவில்லை, நரம்பு வழுக்குகிறது" என்று வரும் ரீல்களில் டிராக் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். வழவழப்பான ஸ்பூலில் பிரெய்டை நேரடியாகக் கட்டியிருப்பார்கள். மொத்த நரம்பும் உருளையாக அப்படியே சுழலும். அது தெரியாமல் டிராக்கை மேலும் மேலும் இறுக்குவார்கள். அடியில் கொஞ்சம் நைலான் சுற்றி, அதன்மேல் பிரெய்டைக் கட்டுங்கள். விரலால் பிடித்து அழுத்தமாகச் சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றினால் மீன் இழுக்கும்போது மேல் அடுக்கு அடி அடுக்குக்குள் புதைந்துவிடும், அடுத்த வீச்சில் நடுவழியில் வெடுக்கென்று நிற்கும்.

இப்போது டிராக். ஒரு தொங்கு தராசை நரம்பில் கட்டி இழுத்துப் பாருங்கள். நரம்பின் வலுவில் கால் பங்கிலிருந்து 30 சதவீதத்துக்குள் ஸ்பூல் நழுவ வேண்டும். 12 பவுண்டு நரம்புக்கு அது 3 பவுண்டு சொச்சம், ஒன்றரைக் கிலோ. பிரெய்டு போட்டிருந்தால் பிரெய்டின் எண்ணை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 50 பவுண்டில் கால் பங்கு என்று வைத்தால் மீடியம் ராட் தாங்காது. ராட்டில் எழுதிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் நல்லது, அந்த எண்ணுக்குள் வரும் புளோரோகார்பனில் ஒரு முன்நரம்பு கட்டுவது. எல்லை மீறினால் அது முதலில் அறுந்து ராட்டைக் காப்பாற்றும். வீட்டுக்கு வந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள், உள்ளே இருக்கும் வாஷர்கள் நசுங்காமல் இருக்கும்.

மாதம் ஒருமுறை ராட்டில் நரம்பு ஓடும் வளையங்களையும் பாருங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றி எடுங்கள். எங்காவது பஞ்சு இழை பிடித்தால் அங்கே மயிரிழை விரிசல் இருக்கிறது. நல்ல நரம்பு காரணம் தெரியாமல் அறுவது அதனால்தான்.

கரைக்கு வந்த மீனை ராட்டால் தூக்காதீர்கள். வலை வையுங்கள், இல்லையென்றால் குனிந்து கீழ்த்தாடையைப் பிடியுங்கள். நுனியைத் தலைக்குப் பின்னால் சாய்த்து இழுத்தால் முழு பாரமும் மெலிந்த நுனிப் பகுதியில் இறங்கும். அது தாங்காது.

லூர் மாட்டிக்கொண்டால் ராட்டை வளைக்கவே கூடாது. லூர் இருக்கும் திசைக்கு நேராக ராட்டை நீட்டி, ஸ்பூலைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு பின்னால் நடங்கள். பிரெய்டாக இருந்தால் ஒரு குச்சியில் நாலு சுற்று சுற்றி இழுங்கள், கையில் சுற்றவே சுற்றாதீர்கள். விரலை அறுக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், பக்கத்தில் நிற்பவர்களையும் விலகச் சொல்லுங்கள். இழுவிசையில் இருந்த லூர் கழன்றால் முள்ளோடு நேராக உங்களை நோக்கித்தான் பறந்து வரும்.

இது ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கண்ணாடி போடாமல் கரைக்குப் போகாதீர்கள், குழந்தைகளை அழைத்துப் போனால் அவர்களுக்கும் போட்டுவிடுங்கள். அப்படியும் முள் கண்ணில் பட்டுவிட்டால் பிடுங்காதீர்கள், அழுத்தாதீர்கள், கண்ணைக் கழுவாதீர்கள். நரம்பை வெட்டிவிட்டு, கண்ணில் படாதபடி ஒரு காகிதக் கோப்பையை மேலே கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.