ட்ராமா: ஊமைக்காயம் என்று சொன்னால் என்ன?

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஊட்டி வண்டிக்காக நின்றிருந்தபோது காதில் விழுந்த பேச்சு இது. பக்கத்தில் இரண்டு பெண்கள். இளையவருடைய தம்பி ராணுவத்தில் இருக்கிறாராம். லீவில் வந்த நாளிலிருந்து ராத்திரியில் தூங்குவதில்லை, கதவு படாரென்று சாத்தினால் எழுந்து நின்றுவிடுகிறார். “ட்ராமான்னு சொல்றாருக்கா டாக்டர்.” மூத்தவர் முகம் மாறிவிட்டது. “டிராமாவா? பாவம், அவன் எதுக்குடி டிராமா போடப்போறான்?”

அந்த அக்காவைக் குறை சொல்ல முடியாது. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு சுழி மட்டும்தான். பேச்சில் அதுவும் இல்லை. ‘டிராமா போடுறான்’ என்றால் நடிக்கிறான், ஏமாற்றுகிறான். போரிலிருந்து உடைந்து திரும்பியவனை உலகத்துப் படைகள் பலவும் முதலில் சந்தேகப்பட்டது இதைச் சொல்லித்தான். ஒரு நோயின் பெயரும் அந்த நோயாளி மேல் சுமத்தப்படும் பழியும் ஒரே ஒலியில் வந்து நிற்பது தமிழில் நடந்த விபத்து. இந்த ஒரு காரணத்துக்காகவாவது ட்ராமாவுக்கு, அதாவது போர் போன்ற கொடுமை மனதில் விட்டுப்போகும் காயத்துக்கு, நமக்கென்று ஒரு சொல் வேண்டும்; போர் நாவல்களைப் பற்றிப் பேசவும் அது வேண்டும்.

இரண்டுமே கிரேக்கச் சொற்கள், ஆனால் உறவில்லாதவை. நாடகம் என்னும் டிராமா ‘செய்’ என்ற வினையிலிருந்து வந்தது. ட்ராமாவுக்குக் கிரேக்கத்தில் வெறும் காயம் என்றே பொருள்: ஈட்டி குத்திய, ரத்தம் வடிகிற காயம். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கில மருத்துவத்துக்குள் நுழைந்தபோதும் உடற்காயம்தான். இன்றும் ஆஸ்பத்திரியில் ‘ட்ராமா வார்டு’ என்று போர்டு மாட்டியிருந்தால் உள்ளே படுத்திருப்பவர்கள் லாரியில் அடிபட்டவர்கள்.

அந்தச் சொல்லை உடம்பிலிருந்து மனதுக்குள் கொண்டுபோனது ரயில். 19-ஆம் நூற்றாண்டு ரயில் விபத்துகளில் கீறல்கூட இல்லாமல் தப்பியவர்கள் வாரக்கணக்கில் நடுங்கினார்கள், தூக்கத்தில் அலறினார்கள். முதுகுத்தண்டு குலுங்கியதால் வந்த கோளாறு என்று 1866-ல் லண்டன் அறுவை மருத்துவர் எரிக்சன் விளக்கம் எழுதினார். 1889-ல் ஜெர்மன் மருத்துவர் ஹெர்மன் ஓப்பன்ஹைம் இப்படிப்பட்ட நரம்புக் கோளாறுகளுக்கு ட்ராமாவை அடைமொழியாக்கி ஒரு நூலே வெளியிட்டார். அப்புறம் முதல் உலகப் போர். 1915 பிப்ரவரியில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் சார்லஸ் மையர்ஸ் ‘ஷெல் ஷாக்’ என்ற பெயரோடு கட்டுரை எழுதினார். குண்டு பக்கத்தில் வெடித்த அதிர்வில் வந்தது என்பது அதன் கருத்து. ஆனால் குண்டு எதுவும் பக்கத்தில் வெடிக்காதவர்களுக்கும் அதே நடுக்கம், அதே ஊமைத்தனம் வந்தது. சிலருக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை கிடைத்தது, சிலருக்குத் துப்பாக்கிக் குண்டு. படையை விட்டு ஓடியது, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காக பிரிட்டன் சுட்டுக்கொன்ற தன் சிப்பாய்கள் 306 பேருக்கு 2006-ல்தான் மன்னிப்பு வந்தது. இன்று மருத்துவர்கள் எழுதும் பி.டி.எஸ்.டி. (ட்ராமாவுக்குப் பின்வரும் மன அழுத்தக் கோளாறு) என்ற பெயர், வியட்நாம் போருக்குப் பிறகு 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஏறியது.

சரி, தமிழுக்கு வருவோம். பத்திரிகைகள் ‘அதிர்ச்சி’ என்கின்றன. தங்கம் விலை ஏறினாலும் அதிர்ச்சி, கட்சிக்காரர் கட்சி மாறினாலும் அதிர்ச்சி. போதாததற்கு, அதிர்ச்சி என்பது அந்த நேரத்தோடு முடிகிற சங்கதி; நாம் பேசுவதோ முடியாத சங்கதியைப் பற்றி. ‘மன உளைச்சல்’ பரீட்சைக்கும் வீட்டுக்கடனுக்கும் தேய்ந்துபோன சொல். ‘மனப்புண்’ பொருந்தியிருக்கும், ஆனால் ஒரு கடுஞ்சொல் கேட்டாலே ‘மனம் புண்பட்டது’ என்று அறிக்கை விட்டு அதன் எடையைக் குறைத்துவிட்டோம்.

மிஞ்சுவது ‘மனவடு’. போரை வீட்டு வாசலில் கண்ட ஈழத்தில் வேரூன்றிய சொல். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998-ல் ஆங்கிலத்தில் எழுதிய நூலின் தலைப்பும் ‘வடுப்பட்ட மனங்கள்’ என்ற பொருளில்தான் அமைந்திருக்கிறது. அங்கே அந்தச் சொல் அகராதியோடு நின்றுவிடவில்லை, நோயாளிகளோடு புழங்கியது. வள்ளுவரும் அந்தக் கட்சிதான்: ‘தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு’. புண் ஆறும், வடு ஆறாது. மருத்துவச் சொல்லாக மனவடுவே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் போர் நாவல்களைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல் எனக்கு இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று, பழந்தமிழில் வடுவுக்குக் குற்றம், பழி என்ற பொருளும் உண்டு. ‘குற்றம் கடிதல் வடுவன்று வேந்தன் தொழில்’ என்று அதே வள்ளுவர் சொல்லும் வடு அதுதான். கோழை என்ற பழியைச் சுமந்தவனுக்கு மறுபடியும் பழி தொனிக்கும் பெயரா? இரண்டு, இன்றைய காதுக்கு வடு என்றால் தழும்பு. தழும்பு கண்ணுக்குத் தெரியும், தொட்டுக் காட்டிக் கதை சொல்லலாம். நாவல்கள் காட்டும் சிப்பாய்க்கு இந்த இரண்டும் முடிவதில்லை.

நம் பழைய இலக்கியம் காயங்களை நன்றாகவே தரம் பிரித்திருந்தது. மார்பில் பட்டால் விழுப்புண், பெருமை. முதுகில் பட்டால் புறப்புண். அதற்கு நாணி வெண்ணிப் பறந்தலையில் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்ததைப் புறநானூறு பேசுகிறது. மார்பிலும் முதுகிலும் படாத மூன்றாவது காயத்துக்குத் தனிப்பெயர் இல்லை. பெயர்தான் இல்லையே தவிர, முல்லைப்பாட்டில் அந்தக் காயம் இருக்கிறது. பாசறையில் நள்ளிரவு, அரசன் தூங்கவில்லை. போர் மேல் உள்ள ஆசையால் தூங்கவில்லை என்றுதான் நப்பூதனார் தொடங்குகிறார். ஆனால் அடுத்து அடுக்குவதைப் பாருங்கள்: வேல் பாய்ந்த வலியில் தன் பிடிகளையே மறந்த களிறு, வெட்டுண்டு பாம்பு போலத் துடிக்கும் தும்பிக்கை, செஞ்சோற்றுக் கடன் தீர்த்துச் செத்தவர்கள், அம்பு ஆழப் புதைந்து, காது சாய்த்து, தீனி எடுக்காமல் நிற்கும் குதிரை. ஒரு கை படுக்கையில், ஒரு கை தலையில். அவன் துக்கப்பட்டான் என்றோ பயந்தான் என்றோ ஒரு வார்த்தை கிடையாது. மனதில் ஓடும் படங்களை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிட்டுப் புலவர் விலகிக்கொள்கிறார். இன்றைய போர் நாவலாசிரியர்களின் முதல் உத்தியும் இதுவேதான்.

அடுத்த உத்தி எனக்குப் புத்தகத்திலிருந்து தெரிந்ததல்ல. நான் வளர்ந்தது வெலிங்டனில். மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் இருக்கும் ஊர். பியூகிள் சத்தம்தான் எங்களுக்கு அலாரம். எங்கள் லைனில் கடைசி வீடு மிலிட்டரி தாத்தா வீடு. 1971 போரில் மேற்கு எல்லையில் இருந்தவர். தீபாவளியன்று விடியும் முன்பே தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்து போய்விடுவார், இருட்டிய பிறகுதான் வருவார். பட்டாசுப் புகை அவருக்கு ஆகாது என்று சொல்லிவைத்திருந்தார்கள். சாயங்காலம் டீயும் வர்க்கியும் வைத்துக்கொண்டு எங்களுக்குப் போர்க்கதை சொல்வார். ஒரே கதை. ரொட்டி சுடத் தெரியாத சமையல்காரரில் ஆரம்பித்து எல்லோரையும் சிரிக்கவைத்து, ராத்திரி முன்னேறியது, மண்ணில் படுத்தது, பக்கத்தில் படுத்திருந்த தஞ்சாவூர்க்காரர் என்று வந்து சேரும். “போனோம், படுத்தோம், விளக்கெல்லாம் அணைச்சாங்க” என்று போய்க்கொண்டிருக்கும் கதை, சரியாக அந்த இடத்தில், “தண்ணி கேக்கிறான்” என்று நிகழ்காலத்துக்கு மாறும். அவ்வளவுதான். “சரி, மழை வர்றாப்ல இருக்கு, துணி எடுக்கணும்” என்று எழுந்துவிடுவார். பல நாள் கொடியில் துணியே இருக்காது.

தாத்தாவுக்குக் கதை மறந்துபோகிறது என்றுதான் அப்போது நினைத்தோம். பிறகு இலக்கண வகுப்பில் நன்னூலின் காலவழுவமைதி வந்தது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் ஒரு காலம் இன்னொரு காலமாகச் சொல்லப்படலாம், அது பிழையாகாது. தாத்தாவின் ‘கேக்கிறான்’ இந்த நான்கில் எதில் சேரும் என்று யோசித்தேன், கிடைக்கவில்லை. பவணந்தியார் மலைக்கு வந்து அவரிடம் டீ குடித்திருந்தால் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்திருப்பார்.

தமிழ் கடந்ததை இறந்தகாலம் என்கிறது. இந்தச் சிப்பாய்களுக்கு அது இறக்கவில்லை, சிக்கல் அதுதான். எரிக் மரியா ரெமார்க் 1929-ல் வெளியிட்ட ‘மேற்கில் புதிதாக ஒன்றுமில்லை’ என்ற ஜெர்மன் நாவலில் இளம் சிப்பாய் பெரும்பாலும் நிகழ்காலத்திலேயே ‘நான்’ என்று பேசிக்கொண்டு வருவான். கடைசிப் பத்தியில் திடீரென்று வேறொரு குரல், 1918 அக்டோபரில் அவன் விழுந்தான் என்று இறந்தகாலத்தில் சொல்லி முடிக்கும். அவன் இறந்த பிறகுதான் காலமும் இறக்கிறது. வர்ஜீனியா உல்ஃப் 1925-ல் எழுதிய ‘மிஸஸ் டாலோவே’யில் போர் முடிந்து ஐந்து வருடம் ஆகியும் லண்டன் பூங்காவில் உட்கார்ந்திருக்கும் முன்னாள் சிப்பாய் செப்டிமஸ், செத்துப்போன தன் நண்பனைப் பார்க்கிறான். ‘பார்த்ததாக நினைத்தான்’ என்று கதை நமக்கு வேலி போட்டுத் தருவதில்லை. மனதில் ஓடுவதை ஓடுகிறபடியே எழுதும் உத்தி, நனவோடை என்று பாடப்புத்தகம் சொல்வது, இங்கே வெறும் அலங்காரம் இல்லை, அவனால் முடிந்த ஒரே வாக்கிய அமைப்பு.

தாத்தாவின் கதையை எனக்கு விளக்கிய நாவல் ஜோசப் ஹெல்லர் 1961-ல் எழுதிய ‘கேட்ச்-22’. ஹெல்லரே இரண்டாம் உலகப் போரில் 60 முறை குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர். நாவல் முழுக்கச் சிரிப்பு. ஆனால் ஸ்னோடன் என்ற பையன் விமானத்துக்குள் செத்துப்போன சம்பவம் அடிக்கடி எட்டிப்பார்க்கும். ஒரு வரி வரும், சிரிப்பு திரும்பிவிடும். இன்னொரு இடத்தில் இரண்டு வரி. முழுக்கதையும் ஏறக்குறைய கடைசியில்தான் திறக்கிறது. நாயகன் யோசேரியன், ஸ்னோடனின் தொடையில் இருந்த காயத்துக்கு அக்கறையாகக் கட்டுப் போடுகிறான், ஆறுதல் சொல்கிறான். பையன் ‘குளிருது, குளிருது’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறான். உயிரைக் குடிக்கும் காயம் வேறு இடத்தில், அங்கியின் உள்ளே இருக்கிறது. வெளியே தெரிந்த காயத்தோடு மல்லாடிய யோசேரியன் அதைக் கடைசியில்தான் பார்க்கிறான்.

அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது தாத்தா வீட்டுப் பாட்டி சொன்ன ஒரு சொல். தாத்தா ஏன் அடிக்கடி ராத்திரியில் எழுந்து கத்துகிறார் என்று சின்ன வயதில் கேட்டேன். “அவருக்கு ஊமைக்காயம் கண்ணு, வெளிய தெரியாது” என்றார்.

ஊமைக்காயம் எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். தோல் கிழியாது, ரத்தம் வராது, உள்ளே கன்றிப்போய் வலிக்கும். சைக்கிளிலிருந்து விழுந்த பிள்ளைக்கும் சொல்வார்கள், அடிதடி வழக்கு புகாரிலும் எழுதுவார்கள். மனிதர்களை ஊமை என்று அழைப்பதை விட்டுவிட்டோம், விட்டதும் சரி. காயத்தை அப்படி அழைப்பது யாரையும் இழிவுபடுத்தாது. கிரேக்கச் சொல்லின் ‘காயம்’ இதில் அப்படியே இருக்கிறது. வெளியே தெரியாதது, பேச முடியாதது என்ற இரண்டையும் ‘ஊமை’ பார்த்துக்கொள்கிறது. பேச வராத காயத்தைச் சொல்வதற்குத்தான் நாவலாசிரியர்கள் காலத்தை மாற்றுகிறார்கள், கதையைப் பாதியில் வெட்டுகிறார்கள், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ட்ராமாட்டிக் என்பதற்கெல்லாம் இதிலிருந்து சொல் உண்டாக்க முடியுமா என்று கேட்டால், கஷ்டம்தான். அங்கே மனவடுவையே வைத்துக்கொள்ளலாம்.

தாத்தா இப்போது இல்லை. போன டிசம்பரில் வெலிங்டன் போயிருந்தேன். பாய்ஸ் கம்பெனி ஸ்டாப்பில் இறங்கி நடந்தபோது மூடுபனி. பாட்டி அதே டீ, அதே வர்க்கி வைத்தார். பேச்சு அந்தக் கதைக்கு வந்தது. மீதியை உங்களிடமாவது சொன்னாரா என்று கேட்டேன்.

“தண்ணி கேட்டான்னு சொல்வாரு. குடுத்தீங்களான்னு நான் கேட்டதே இல்ல கண்ணு.”