புதிரைப் பிள்ளைகளே வெட்டட்டும்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். விடுமுறை நெருங்கினாலே பெற்றோர், "படத் துண்டுகளைச் சேர்த்து முழுப் படமாக்கும் ஜிக்சா புதிருக்கு நல்ல செயலி ஒன்று சொல்லுங்கள், மிஸ்" என்று கேட்பார்கள். செயலி எதையும் நான் சொல்வதில்லை. வீட்டுக் கணினியில் இருக்கும், படம் வரையும் பெயிண்டையும் ஸ்லைடு தயாரிக்கும் பவர்பாயிண்டையும் திறக்கச் சொல்வேன். பவர்பாயிண்ட் இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ் போதும். யாரோ வெட்டிவைத்த புதிரைச் சேர்க்கும் பிள்ளையைவிட, தானே படத்தை வெட்டும் பிள்ளை அதிகம் யோசிப்பதை வகுப்பில் கண்கூடாகப் பார்க்கிறேன்.

முதலில் படத்துக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நகலைப் பெயிண்டில் திறந்து 1200க்கு 900 பிக்சல் ஆக்குங்கள். குறுக்கே நான்கு, நெடுக்கே மூன்று துண்டு வேண்டுமென்றால் ஒரு துண்டின் அளவு என்ன? நான்காம் வகுப்புப் பிள்ளை மனக்கணக்காகவே 300 என்று சொல்லிவிடும். செவ்வகத் தேர்வுக் கருவியை இழுக்கும்போது திரையின் அடிப்பட்டையில் அளவு மாறிக்கொண்டே வரும். 297, 299, 302 என்று தாண்டிப் போய்விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மவுஸை மயிரிழை பின்னுக்கு நகர்த்தி 300இல் நிறுத்துவார்கள். அந்த நிதானத்தை எந்தச் செயலியும் பிள்ளையிடம் கேட்பதில்லை.

வெட்டிய இடம் வெள்ளையாகிவிடும் என்பதால் அடுத்த துண்டு எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியதில்லை. வெட்டியதை உடனே ஸ்லைடில் ஒட்டிவிட வேண்டும். பெயிண்டிலேயே கலைத்துப்போட்டால், ஒன்றின்மேல் ஒன்று விழும்போது அடியில் இருப்பது அழிந்துவிடும். ஸ்லைடிலோ ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக நகரும். ஸ்லைடு ஷோவை ஓடவிடாமல், திருத்தும் திரையிலேயே விளையாடுங்கள். ஷோவில் துண்டுகளை இழுக்க முடியாது.

கணக்கில் கொஞ்சம் தேறிய பிள்ளை என்றால், 1000 பிக்சல் அகலத்தை மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள். 333, 333, 333 போக ஒரு பிக்சல் மிஞ்சும். அதை எந்தத் துண்டில் சேர்ப்பது என்று அண்ணனும் தங்கையும் போடும் சண்டையில் 'மீதி' என்றால் என்னவென்று நன்றாகப் புரிந்துவிடும்.

படத் தேர்வையும் அவர்களிடமே விடுங்கள். நீல வானம் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும் படம் சலிப்பூட்டும். காய்கறிக் கடைப் படம் விறுவிறுப்பாகப் போகும். புள்ளிக்கோலத்தை வெட்டினால் பல துண்டுகள் ஒரே சாயலில் இருந்து திணறடிக்கும். ஒவ்வொரு கால்பகுதிக்கும் வேறு வண்ணம் தீட்டலாம் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பதும் உண்டு. சதுரம் அலுத்துவிட்டால் வரைபடத்துக்குப் போங்கள். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி மரப்பலகையில் ஒட்டிய வரைபடங்களை நாட்டு எல்லைகளின்படி அறுத்து, பிள்ளைகளுக்குப் புவியியல் கற்பிக்க விற்றார். நாமும் தமிழகத்தின் 38 மாவட்டங்களை விருப்ப வடிவத் தேர்வுக் கருவியால் எல்லையோரமாக வெட்டலாம். ஒரே நாளில் முடியாது; முடிய வேண்டிய அவசியமும் இல்லை.

பெற்றோரிடம் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. "படத்தைக் கொடுங்கள், புதிராக்கித் தருகிறோம்" என்று அழைக்கும் இணையதளங்களில் பிள்ளையின் முகத்தை ஏற்றாதீர்கள். அந்தப் படம் எங்கே தங்கும், யார் கைக்குப் போகும் என்பது நம் கையில் இல்லை. கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் குறிப்பும் இருக்கலாம். 2023ஆம் ஆண்டின் இந்திய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. அந்த ஒப்புதலை யோசிக்காமல் ஒரு சொடுக்கில் கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டுக் கணினியிலேயே செய்தாலும் ஒரு கண்ணி இருக்கிறது. பவர்பாயிண்டில் இருக்கும் செதுக்கும் கருவியால் படத்தின் ஓரத்தை நீக்கினால், அது கண்ணுக்கு மறையுமே தவிர கோப்பைவிட்டுப் போகாது. பள்ளிச் சீருடையின் சின்னத்தையோ வீட்டு எண்ணையோ மறைத்துவிட்டோம் என்று நம்பி அந்தக் கோப்பைக் குடும்பக் குழுவில் அனுப்பினால், பெறுபவர் செதுக்கிய பகுதியை மறுபடி விரித்துப் பார்க்கலாம். பெயிண்டில் வெட்டியெடுத்து ஒட்டிய துண்டில் இந்தச் சிக்கல் இல்லை. ஏற்கெனவே ஸ்லைடில் செதுக்கியிருந்தால், அனுப்பும் முன் படங்களைச் சுருக்கும் வசதிக்குப் போய், செதுக்கிய பகுதிகளை நீக்கும் கட்டத்தில் டிக் போட்டுச் சேமித்துவிடுங்கள்.