குருவிக்கும் மலேரியா வரும்

மேட்டூர்த் தண்ணீர் வந்து, வாய்க்கால் ஓரப் பனைகளில் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னும் பருவத்தில் கொசுவும் பெருகுகிறது. பறவை மலேரியாவைப் பெரும்பாலும் பரப்புவது சாக்கடையில் வளரும் க்யூலெக்ஸ் கொசு. 1898-ல் கல்கத்தாவில் ரொனால்டு ராஸ் கொசுவழித் தொற்றை நிரூபித்ததே பறவைகளை வைத்துத்தான். மனிதருக்கு இந்த வகை வராது.

மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியத்துக்குக் கொசு என்றால், அதன் உறவான ஹீமோப்ரோட்டியஸைக் கொண்டுவருவது ரத்தம் குடிக்கும் பொடி ஈக்களும், இறகுக்குள் ஒட்டிக்கிடக்கும் தட்டை ஈக்களும். மலேரியா புதிதாகத் தொற்றினால் சிவப்பணுக்கள் உடைந்து ரத்தசோகை வரும். பறவை இரை தேடாமல் குந்திக் கிடக்கும். பிழைத்தாலும் ஒட்டுண்ணி முழுக்கப் போவதில்லை. முட்டைக்கும் குஞ்சுக்கும் உடம்பு செலவாகும் பருவத்தில் எதிர்ப்புச் சக்தி தளர, அது மறுபடி தலைதூக்கும்.

இந்தச் சேதம் எளிதில் கண்ணில் படாது. ஸ்பெயினில் நீலச் சிட்டுகளுக்குப் பிரைமாகுயின் என்ற மலேரியா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள்; 2000-ல் முடிவு வெளியானது. மருந்து பெற்ற தாய்ப்பறவைகளின் கூடுகளில் குஞ்சுச் சாவு குறைந்தது. நோயாளியாகவே தெரியாத பறவைகள் அவை!

ஜோடி தேர்வுக்கும் ஒட்டுண்ணிக்கும் முடிச்சுப் போட்டவர்கள் உயிரியலாளர்கள் ஹாமில்டனும் ஜூக்கும், 1982-ல். பளிச்சென்ற நிறம் ஒட்டுண்ணியைத் தாங்கும் உடம்புக்கு அடையாளம், பெண் பறவை அதைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறது என்பது அவர்கள் கருத்து. இறகின் மஞ்சளுக்கு வேண்டிய கரோட்டினாய்டு நிறமி இரையிலிருந்துதான் கிடைக்கும். நோய் எதிர்ப்புக்கும் அதுவே தேவைப்படலாம். ஆனால் கள ஆய்வுகள் ஒரே பக்கம் பேசவில்லை. தூக்கணாங்குருவியில் நிறத்தை மட்டும் அளப்பது போதாது என்பது எங்கள் கருத்து. அங்கே பெண் குருவி பாதி பின்னிய கூட்டுக்குள் ஏறிப் பார்த்து, பிடித்தால்தான் தங்கும். பிறகே ஆண் மீதியை முடிக்கும். கூடு எந்த மரத்தில், எவ்வளவு உயரத்தில் என்பதும் கணக்கில் வரும். தொற்றுள்ள ஆண் நார் கிழித்துவரும் வேகத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

தொற்று இருக்கிறதா என்று பார்க்க, வனத்துறை அனுமதியோடு இறக்கை நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் போதும். உடனே கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுத்து, விசிறி உலர்த்த வேண்டும். டெல்டாவின் ஈரக்காற்றில் மெதுவாகக் காய்ந்தால் அணுக்கள் உருக்குலைந்துவிடும். மெத்தனாலில் நிலைப்படுத்தி, ஜீம்சா சாயமேற்றி, நுண்ணோக்கியின் எண்ணெய் லென்ஸில் ஆயிரம் மடங்கு பெரிதாக்கினால், பறவையின் சிவப்பணு நடுவே உட்கரு தெரியும். ஹீமோப்ரோட்டியஸ் அதைச் சுற்றி வளைந்து கிடக்கும். 10,000 சிவப்பணுக்களுக்கு எத்தனை ஒட்டுண்ணிகள் என்று எண்ணுவது வழக்கம். தொற்று லேசாக இருந்தால் தகட்டில் தப்பிவிடும். மரபணுச் சோதனையும் செய்ய வேண்டும். அப்போதும் ஒரு குறை உண்டு: மிக மோசமாக நோயுற்ற குருவி பறப்பதே இல்லை, அதனால் வலையிலும் விழாது.