வெள்ளம் வந்தால் சங்கக் கொப்பியில் காசு போதுமா?

மட்டக்களப்பில் காப்புறுதி வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒன்றைப் பார்க்கிறேன். காப்புறுதி என்றதும் முகம் சுளிக்கிறவர்கள்கூட ஊர் மரண உதவிச் சங்கத்துச் சந்தாவைத் தவறாமல் கட்டிவிடுவார்கள். ஒரு வீட்டில் இழவு விழுந்தால் பந்தலும் கதிரையும் செலவுக்குக் காசும் வந்து இறங்குவதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். இஸ்லாமிய முறைக் காப்புறுதியான தக்காபுலைப் பற்றிக் காத்தான்குடிப் பக்கம் பேசினாலும் இதே கதைதான். எல்லாரும் போட்ட பொது நிதியிலிருந்து இழந்தவருக்குக் கொடுப்பது என்றால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

வெளிநாடுகளில் 'பியர்-டு-பியர்' காப்புறுதி என்று சொல்வதற்கும் அடி இதுதான். 2010இல் பெர்லினில் தொடங்கிய பிரெண்ட்சூரன்ஸ் என்ற கம்பனி ஆட்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்தது. கட்டும் பணத்தில் ஒரு பங்கு குழுவின் நிதிக்குப் போகும், சின்ன இழப்புகளை அதிலிருந்தே கொடுப்பார்கள். வருட முடிவில் மிஞ்சினால் காசு திரும்ப வரும். பெரிய இழப்பு என்றால் பின்னால் நிற்கும் வழமையான காப்புறுதிக் கம்பனி பார்த்துக்கொள்ளும். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு ஆட்டோத் தரிப்பிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 20 பேர், ஆளுக்கு மாதம் 500 ரூபாய் போட்டு ஒரு பொது நிதி வைத்தார்கள். வருடத்துக்கு 120,000. நீல மட்டைக் கொப்பியில் பெயர், திகதி, கையொப்பம் எல்லாம் சுத்தமாக இருந்தது. ஒருவரின் ஆட்டோ மதகில் மோதியபோது 40,000 கொடுத்தார்கள். எல்லாருக்கும் சந்தோசம். அப்புறம் ஒரு மாரியில் வெள்ளம் ஏறி 11 ஆட்டோக்களின் எஞ்சினுக்குள் தண்ணீர் போனது. ஆளுக்கு 40,000 என்று வைத்தாலும் 440,000 வேண்டும். கொப்பியில் இருந்தது 80,000. யாருக்கு முதலில் என்று தொடங்கிய பேச்சு, பல வருடச் சிநேகிதர்களை முகம் பார்க்காமல் ஆக்கிவிட்டது.

ஆளுக்கொரு நேரம் வரும் கஷ்டத்தைக் குழு தாங்கும். ஒரே நாளில் எல்லாருக்கும் வருவதைத் தாங்காது. 1978 சூறாவளி, 2004 சுனாமி, 2011 ஜனவரி வெள்ளம் எல்லாம் நம் கரையில் ஊரோடு சேர்த்தே அடித்தவை. கம்பனிகள்கூட இதைத் தனியாகச் சுமப்பதில்லை. மீள்காப்புறுதி, அதாவது கம்பனியே இன்னொரு கம்பனியிடம் எடுக்கும் காப்புறுதி, எடுத்துப் பாரத்தை வெளிநாடுகளுக்கும் பிரித்துவிடுகின்றன.

இன்னொரு ஓட்டையும் உண்டு. சீனாவில் 2018இல் வந்த சியாங் ஹு பாவ் என்ற உதவித் திட்டம், முன்பணம் வாங்காமல், நோய் வந்தவர்களுக்குக் கொடுக்கும் தொகையை உறுப்பினர்களிடம் பங்கு போட்டு வாங்கியது. சுமார் ஒரு வருடத்தில் 10 கோடிப் பேர் சேர்ந்தார்கள். பங்கு கூடக்கூட ஆட்கள் கழன்றார்கள். ஆட்கள் குறைய, இருந்தவர்களின் சுமை இன்னும் கூடியது. 2022 ஜனவரியில் மூடிவிட்டார்கள். அதனால் நடுவில் விலகுகிறவருக்கு என்ன விதி என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

அந்தத் தரிப்பிடக்காரர்களோடு இரண்டு பின்னேரம் இருந்து பேசினேன். தனி விபத்துக்கு மட்டும், அதுவும் 25,000 வரைதான் நிதியிலிருந்து என்று தீர்மானித்தார்கள். மற்றவருக்கு நாம் செய்யும் சேதத்துக்கு மட்டும் கொடுக்கும், சட்டப்படி கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்புறுதியோடு நிற்காமல், வெள்ளத்தையும் சேர்த்த முழுக் காப்புறுதியை ஒவ்வொருவரும் எடுப்பது என்றும் பேசி முடித்தார்கள். இப்போது கொப்பியின் முதல் பக்கத்தில் விதிகளும் கீழே 20 கையொப்பமும் இருக்கின்றன. முகம் பார்க்காதிருந்த இரண்டு பேரின் கையொப்பம் அடுத்தடுத்த வரியில் கிடக்கிறது.